டார்ச் லைட் இடுப்புக்கு வந்த கதை

எங்கள் சித்தூர்ப் பக்கம் டார்ச் லைட்டை டார்ச் லைட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'பேட்டரி' தான். "இருட்டுல போறே, பேட்டரி எடுத்துக்கினியா?" என்று கேட்டால் டார்ச் எடுத்துக்கொண்டாயா என்று அர்த்தம். உள்ளே போடுகிற செல்லுக்குப் பெயர் கட்டை. ரெண்டு கட்டை பேட்டரி, மூணு கட்டை பேட்டரி, கொஞ்சம் வசதியான வீடென்றால் அஞ்சு கட்டை. அந்த அஞ்சு கட்டையை வைத்துக்கொண்டு ராத்திரி தோப்புக்குப் போகிறவர் நடையே தனியாக இருக்கும்.

இந்தப் பேட்டரியை வேலையில்லாத நேரத்தில் எங்கே வைத்துக்கொள்வது? கையில் பிடிக்கலாம். கக்கத்தில் இடுக்கலாம். துண்டில் முடிந்து தோளில் போடலாம். இடுப்பில் அதற்கென்று ஓர் இடம் நம்மிடம் இருந்ததே இல்லை. கத்திக்கு உறை உண்டு, வெற்றிலைக்குப் பை உண்டு, பணத்துக்கு மடி உண்டு. வெளிச்சத்துக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

"இதுக்கெல்லாம் ஒரு பதிவா?" என்று தங்கமணி கேட்டாச்சு. நீங்களும் கேட்கலாம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பிள்ளைகளோடு திருமலைக்கு நடந்தே ஏறலாம் என்று எண்ணம் இருப்பவர்கள் மட்டுமாவது கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடன் விண்ணப்பம் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன் நான். எதையும் ஆதியிலிருந்து பார்த்தால்தான் எனக்குத் திருப்தி :-)

திருமலைக்கு மோட்டார் வண்டி போகிற பாதை வந்தது 1944-இல். அதற்கு முன்னால் ராஜாவானாலும் கூஜாவானாலும் நடைதான், முடியாதவர்களுக்கு டோலி. அலிபிரியிலிருந்து ஏறுகிற பாதையில் சுமார் 3,550 படிகள், ஒன்பது கிலோமீட்டர். வெயிலுக்குப் பயந்து விடிவதற்கு முன்பும் சாய்ந்த பிறகும்தான் நிறைய பேர் ஏறுவார்கள். அதாவது இருட்டில். தீவட்டி, அரிக்கேன் லாந்தர் இவைதான் வெளிச்சம்.

எங்கள் தாத்தா இளவட்டமாக இருந்தபோது அப்படி ஏறியவர். அவர் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. ஆறு பேருக்கு ஒரு லாந்தர். லாந்தர் பிடிக்கிறவன் குழந்தையைத் தூக்கக் கூடாது, குழந்தையைத் தூக்குகிறவன் லாந்தர் பிடிக்கக் கூடாது. காரணம் சுலபம். லாந்தர் ஒரு கையைச் சாப்பிட்டுவிடும். அதைக் கீழே வைக்காமல் இன்னொரு வேலை செய்ய முடியாது. இடுப்பில் கட்டவும் முடியாது, கொளுத்திக்கொள்வோம்.

கையை விடுவிக்கிற வெளிச்சம் என்ற யோசனைக்கு வழி திறந்தது 1899-இல். அந்த வருஷம் ஜனவரி 10-ஆம் தேதி டேவிட் மிஸல் என்ற ஆங்கிலேயர் பெயரில் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பதிவானது. ஒரு குழாய், உள்ளே வரிசையாக உலர் மின்கலங்கள், முனையில் சின்ன பல்பு. இன்று வரைக்கும் டார்ச்சின் உருவம் அவ்வளவுதான். அந்தக் கம்பெனியை நடத்தியவர் கான்ராட் ஹ்யூபர்ட், ரஷ்யாவிலிருந்து வந்து அமெரிக்காவில் பெயரையே மாற்றிக்கொண்ட யூதர். நம்மைப் போல ஒரு வந்தேறி. ஆரம்பகால டார்ச்சுகளை நியூயார்க் போலீஸ்காரர்களுக்குக் கொடுத்து நல்ல பேர் வாங்கினார்கள். பல்பும் செல்லும் அப்போது நோஞ்சான். தொடர்ந்து எரியாது, மினுக்கி மினுக்கிக் காட்டும். அமெரிக்கர்கள் இன்றும் 'ஃபிளாஷ் லைட்' என்று சொல்வதற்கு அதுதான் காரணம். நாம் பிரிட்டிஷ்காரர் வழியில் 'டார்ச்'.

அந்தக் கம்பெனியின் பெயர்தான் பிற்பாடு எவரெடி ஆனது. 1905 வாக்கிலேயே அமெரிக்க எவரெடி சரக்கு இந்தியாவில் இறங்கிவிட்டது. 1934-இல் கல்கத்தாவில் கம்பெனியைப் பதிவு செய்தார்கள். அடுத்து அங்கேயே மின்கலத் தொழிற்சாலை, 1950களில் சென்னையில் இன்னொன்று, 1958-இல் லக்னோவில் டார்ச்சுக்கென்றே தனியாக ஒன்று. 1959-இல் கம்பெனிக்கு யூனியன் கார்பைடு இந்தியா என்று பெயர் மாறியது. ஆமாம், அதே யூனியன் கார்பைடுதான். 1984 டிசம்பரில் போபாலில் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. கிராமத்துக் கடையில் கட்டை வாங்கிய எத்தனை பேருக்கு அந்த இரண்டும் ஒரே முதலாளி என்று தெரிந்திருக்கும்? 1994-இல் அமெரிக்கத் தாய்க் கம்பெனி தன் பங்குகளை விற்றது. அந்தப் பணம் போபால் மருத்துவமனைக்குப் போனது. வாங்கியது கல்கத்தாவின் வில்லியம்சன் மேகர் குழுமம். மறுபடி எவரெடி என்ற பெயரே வந்தது.

போட்டிக்கு அலகாபாத்தில் ஜீப் கம்பெனி இருந்தது. வணிகவியல் படித்தவன் என்பதால் ஒரு துணுக்கைச் சொல்லாமல் போக முடியாது. பிளாஸ்டிக் உடம்பு போட்ட டார்ச், கலால் வரிக்கு 'பிளாஸ்டிக்கால் செய்த பொருள்' ஆகுமா என்று ஜீப் கம்பெனியின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 1976-இல் தீர்ப்பு: பிளாஸ்டிக் டார்ச், பிளாஸ்டிக் பொருள் ஆகாது! டார்ச் டார்ச்தான். நம் நாட்டில் வரி அதிகாரிக்குத் தெரியாத வெளிச்சம் கிடையாது.

சரி, இடுப்புக்கு வருவோம். நம் ஆட்கள் ஏன் டார்ச்சை இடுப்பில் மாட்டவில்லை? மாட்டுகிற அளவில் அது இல்லை. பெரிய கட்டை ஒன்று 34 மில்லிமீட்டர் குறுக்களவு, 61 மில்லிமீட்டர் நீளம், எடை ஏறத்தாழ 100 கிராம். மூன்று கட்டையும் உலோகக் குழாயும் தலைக் கண்ணாடியும் சேர்ந்தால் ஒரு முழத்தில் பாதிக்கு மேல் வந்துவிடும். அதை வேட்டி மடியில் செருகினால் வேட்டி போய்விடும். அதனால்தான் டார்ச்சின் வால் மூடியில் ஒரு மடக்கு வளையம் வைத்தார்கள். வீட்டில் ஆணியில் தொங்கும், வெளியே சுண்டு விரலில் தொங்கும். எங்கள் ஊர்க் காவல்காரர்கள் சிலர் அந்த வளையத்தில் கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொள்வார்கள். குனிந்தால் முன்னால் வந்து முட்டும்.

உடையும் ஒரு காரணம். பெல்ட் என்பது நமக்கு நிஜாரோடு வந்த சாமான். அதற்கு முன் அரைஞாண் கயிறும் மடியும் சுருக்குப் பையும்தான். வேட்டி, லுங்கிக்கு மேலே கட்டுகிற ஒரே நாட்டு பெல்ட், நீங்கள் எல்லோரும் பார்த்த அந்தப் பச்சை பெல்ட். நாலு விரல் அகலம், முன்னால் பட்டன் வைத்த பை. மாட்டு வியாபாரி, மண்டிக்காரர், மூட்டை தூக்குகிறவர் எல்லோருக்கும் அதுதான் பேங்க். (எங்கள் பேங்கை விட அதன் மேல்தான் அவர்களுக்கு நம்பிக்கை அதிகம்.) அதில் பணம் வைக்க இடம் உண்டு, பீடிக்கட்டு வைக்க இடம் உண்டு, மூணு கட்டை பேட்டரிக்கு இடம் இல்லை.

நம் ஜனங்களில் இடுப்பில் வெளிச்சத்தைச் சுமந்தவர்கள் ஒரு கூட்டம் உண்டு. சித்தூருக்கு மேற்கே, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் கோலார் தங்கவயல். பிரிட்டிஷ் காலத்தில் சித்தூர், வட ஆற்காடு, தர்மபுரிப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் போன தமிழர்கள் சுரங்கத்தில் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலே ஆழம். சுரங்கத் தொழிலாளிக்கு இரண்டு கையும் வேலைக்கு வேண்டும். அதனால் விளக்கைத் தலையில் வைத்து, மின்கலத்தை இடுப்பு பெல்ட்டில் மாட்டி, நடுவில் ஒரு ஒயர் ஓடவிட்டார்கள். அமெரிக்காவில் இது 1914 வாக்கில் எடிசன் விளக்காக வந்தது. அது மெல்ல உலகச் சுரங்கங்களுக்கெல்லாம் பரவியது, கோலாரிலும் தொப்பி விளக்கும் இடுப்புப் பெட்டியும் வந்தன. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். எங்கள் தெருவில் தங்கவயலிலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு பெரியவர், அந்தப் பெட்டி இருந்த பக்கத்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டே பேசுவார். 'இடது பக்கம் தேஞ்சு போச்சுப்பா' என்பார். கையை விடுவிக்க இடுப்பு கொடுத்த விலை அது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வேறு மாதிரி டார்ச் கொடுத்தார்கள். தலை மட்டும் பக்கவாட்டில் திரும்பி 'ட' மாதிரி இருக்கும். பின்னால் ஒரு இரும்புக் கொக்கி. பெல்ட்டிலோ சட்டைப் பையிலோ மாட்டிவிட்டால் உடம்பில் இருந்தபடியே முன்னால் வெளிச்சம் அடிக்கும். உறையே தேவையில்லை. மூளைக்காரன் யோசனை. ஆனால் கொக்கி என்பது ஓடினால் கழன்று விழும், புதரில் மாட்டும். போருக்குப் பிறகும் பல வருஷம் அதே வடிவத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இடுப்பு உறை என்ற தனிச் சரக்கு வளர்ந்தது அமெரிக்கப் போலீஸ் பெல்ட்டில்தான். டோனி மாக்லிகா என்பவர் நியூயார்க்கில் பிறந்து குரோவேஷியாவில் வளர்ந்து, 1950-இல் திரும்பி வந்தவர். 1979-இல் அவர் மேக்லைட் என்ற அலுமினிய டார்ச்சைக் கொண்டுவந்தார். அதற்குள் போவதும் நம்ம பெரிய கட்டைதான். அதைப் பெல்ட்டில் ஒரு வளையத்தில் செருகித் தொங்கவிடுவார்கள். நடக்கும்போது தொடையில் அடிக்கும். மூணு கட்டை, நாலு கட்டை மேக்லைட் கையில் இருந்தால் அது விளக்கு மட்டுமல்ல, உலக்கையும்கூட. அதுவே வினையாகவும் போனது. 1992 நவம்பரில் டெட்ராய்ட் நகரில் ஒரு கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர்கள் டார்ச்சால் அடித்தே கொன்றார்கள். 2004-இல் லாஸ் ஏஞ்சலிஸில், கார் திருடிய சந்தேகத்தில் பிடித்தவனைப் போலீஸ்காரர் டார்ச்சால் திரும்பத் திரும்ப அடித்தது தொலைக்காட்சி ஹெலிகாப்டர் கேமராவில் பதிவானது. அதற்குப் பிறகுதான் அந்த நகரப் போலீஸ், அடிக்க உதவாத சின்ன டார்ச் வேண்டும் என்று கேட்டுச் செய்வித்தது. 2007-இல் பெலிக்கன் கம்பெனி தயாரித்த சின்ன எல்.இ.டி. டார்ச் வந்தது. டார்ச் சிறுத்ததற்கு விஞ்ஞானம் மட்டும் காரணம் இல்லை.

விஞ்ஞானக் காரணம் ஜப்பானிலிருந்து வந்தது. 1991-இல் சோனி லித்தியம்-அயான் மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1993-இல் நிச்சியா கம்பெனியில் ஷுஜி நாகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்தார். நீலத்திலிருந்து வெள்ளை வந்தது. 2014-இல் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் நோபல் பரிசு. இப்போது புழங்குகிற 18650 என்ற மின்கலத்தின் பெயரே அதன் அளவு: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். எடை ஐம்பது கிராமுக்குள். ஒரே ஒரு செல்லில் ஆயிரம் லூமன் வரைக்கும் வெளிச்சம். பழைய ரெண்டு கட்டை பேட்டரி ஒரு இருபது லூமன் கொடுத்தாலே பெரிசு. டார்ச் ஒரு சாண் நீளத்துக்கும் குறைந்தது. நூறு வருஷம் கழித்து இடுப்பில் உட்காரும் தகுதி அதற்கு வந்தது.

நான் இதில் இறங்கியது 2013 டிசம்பரில். டொராண்டோவில் பனிமழை பெய்து கம்பியெல்லாம் அறுந்து லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது ஞாபகம் இருக்கும். அடுக்குமாடியில் லிஃப்ட் கிடையாது. ஒரு கையில் பாப்பா, மறு கையில் பால் கேன், டார்ச் பல்லில்! தாத்தாவின் லாந்தர் கணக்கு அந்த மாடிப்படியில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அதற்குப் பிறகு விதவிதமாக உறை வாங்கிப் பார்க்கிற வியாதி ஒட்டிக்கொண்டது. ஆராய்ச்சிச் செலவை தங்கமணி இன்னும் வாராக்கடனில்தான் வைத்திருக்கிறாள்.

உறை மூன்று சாமானில் வருகிறது. தோல், நைலான் துணி, வார்த்த பிளாஸ்டிக். தோல் நமக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு. சித்தூரிலிருந்து பாலாற்றுப் பக்கம் இறங்கினால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் ஒரு காலத்தில் இங்கிருந்துதான் சீமைக்கே போனது. தோல் உறை சத்தம் போடாது, பழகப் பழக டார்ச்சின் உருவத்துக்குப் பதிந்துகொள்ளும். வியர்வையும் மழையும் அதற்கு ஆகாது. ஈரத் தோல் தளர்ந்தால் டார்ச் தானாக நழுவும். மலைக்குப் போகிற சிலர் தோல் பொருளே வேண்டாம் என்பார்கள், அது அவரவர் இஷ்டம்.

நைலான் மலிவு, லேசு, ஈரம் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மூடிக்கு வைத்திருக்கும் வெல்க்ரோதான் தொல்லை. சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர் நாயோடு உலாத்தப் போய், அதன் ரோமத்தில் ஒட்டிய முள்காயைப் பார்த்துக் கண்டுபிடித்தது என்பார்கள். ராத்திரி நிசப்தத்தில் 'பர்ர்ர்' என்று அது கிழிகிற சத்தம் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். நூலும் பஞ்சும் ஏறினால் ஒரு வருஷத்தில் பிடிமானம் போய்விடும். அழுத்து பட்டன் வைத்தது வாங்குங்கள், பச்சை பெல்ட்டில் உள்ள அதே பட்டன். வார்த்த பிளாஸ்டிக் உறை டார்ச்சை 'டக்' என்று கவ்வும், ஒரு கையால் எடுக்கலாம். துப்பாக்கி உறை செய்கிறவர்களின் கைவண்ணம் அது. உட்கார்ந்தால் விலாவில் குத்தும், ஒரே ஒரு மாடல் டார்ச்சுக்குத்தான் பொருந்தும்.

சோதனை செய்ய பெரிய கருவி எதுவும் வேண்டாம். எடுப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள், திரும்ப வைப்பதைப் பார்ப்பதில்லை. எடுப்பது ஒரு விநாடி வேலை. கீழே பார்க்காமல், ஒரே கையால், திரும்ப உறைக்குள் வைக்க முடிகிறதா? மற்ற கையில் குழந்தை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாய் விறைப்பாக நிற்கிற உறையில்தான் இது முடியும். மலிவு நைலான் உறை டார்ச்சை எடுத்ததும் வெறும் சாக்கு மாதிரி சுருங்கிக்கொள்ளும், வாயைத் தேடுவதற்கு இன்னொரு டார்ச் வேண்டும். அப்புறம் பத்து மாடி ஏறி இறங்குங்கள், படியில் உட்கார்ந்து எழுந்திருங்கள், குனிந்து செருப்பு வாரை மாட்டுங்கள். கனடா வாசிகள் கையுறையோடும் ஒரு முறை செய்து பாருங்கள்.

சூடு விஷயத்தில் விளையாடாதீர்கள். இந்த ஆயிரம் லூமன் டார்ச் மூடிய உறைக்குள் தவறி எரிந்தால் நைலானைப் பொசுக்கும், உடையையும் பொசுக்கும். வால் மூடியைக் கால் திருகு தளர்த்தி வைத்தால் பெரும்பாலான டார்ச்சுகளில் மின்சாரம் அறுந்துவிடும். வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். விமானத்தில் வரும்போது தனியாக வைத்திருக்கும் லித்தியம் செல் கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போடக் கூடாது.

பெண்களுக்கு? "சுடிதார்ல எங்க மாட்டறது, தலையிலயா?" என்று தங்கமணி கேட்ட கேள்விக்கு இந்த உறை வியாபாரிகள் யாரிடமும் பதில் இல்லை. பெல்ட் இல்லாதவர்களை அவர்கள் மனிதராகவே எண்ணவில்லை. பட்டையோடு வருகிற இடுப்புப் பை ஒன்றை வாங்கி, அதன் பட்டையில் உறையைக் கோத்துக் கொடுத்தேன். அவளுக்கு அது பிடித்துப்போய், இப்போது என்னுடையதை விட அவளுடையதுதான் நேர்த்தியாக இருக்கிறது.

இனி திருமலை. 2023-இல் நடந்ததை வெளிநாட்டில் இருந்த நாமெல்லாம் செய்தியில் பார்த்தோம். ஜூன் 22 ராத்திரி அலிபிரி நடைபாதையில் மூன்று வயதுப் பையனைச் சிறுத்தை கவ்விப் போய்விட்டு விட்டது, பிழைத்தான். ஆகஸ்ட் 11 ராத்திரி, பெற்றோரோடு ஏறிக்கொண்டிருந்த ஆறு வயதுப் பெண் குழந்தை பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் பகல் இரண்டு மணிக்கு மேல் நடைபாதையில் விடுவதில்லை என்று தேவஸ்தானம் அறிவித்தது. கூட்டமாகப் போகச் சொன்னார்கள். அடுத்தடுத்துச் சிறுத்தைகளைக் கூண்டு வைத்துப் பிடித்தார்கள். செப்டம்பரில் நடந்து ஏறுகிறவர்களுக்கு மரத்தடி கொடுக்க ஆரம்பித்தார்கள். தடியைப் பற்றிக் கிண்டல் செய்தவர்கள் நிறைய. நான் கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் ஒரு கையில் தடி, மறு கையில் பிள்ளை என்றானால் டார்ச் எங்கே போகும் என்ற கேள்வி மட்டும் எனக்கு வந்தது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், போகும் முன் அப்போதைய நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஏறியது விடியற்காலை. அலிபிரி சோதனைச் சாவடியில் காவலர் என் இடுப்பைத் தட்டிப் பார்த்து, "ஏன் சாமி, இது இன்னா? துப்பாக்கி மாதிரி கீது?" என்றார். எடுத்துக் காட்டினேன். ஒரு தடவை எரியவிட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா கீது, போங்க கோவிந்தா" என்று சிரித்தார். தலையில் பல் பல்லாக வெட்டு வைத்த 'தற்காப்பு' டார்ச்சை எடுத்துப் போயிருந்தால் சிரித்திருப்பாரா தெரியாது, அந்த ரகம் கோயிலுக்கு வேண்டாம்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். படிகள் இருட்டாக இல்லை. கூரை போட்டிருக்கிறது, விளக்கு இருக்கிறது, கடைகள் இருக்கின்றன. முதல் இரண்டாயிரம் படி, காலி கோபுரம் வரைக்கும், டார்ச்சைத் தொடவே இல்லை. அதற்குப் பிறகுதான் அது வெளியே வந்தது. கூரைக்கு உள்ளே வெளிச்சமாக இருப்பதாலேயே கூரைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. சின்னவன் கம்பிக்கு அந்தப் பக்கம் ஏதோ அசைகிறது என்றான். இடது கையில் அவன் கை, வலது கையால் டார்ச். புள்ளிமான், இரண்டு. பார்த்துக்கொண்டே நின்றோம். திரும்ப உறையில் வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போனபோது அவன் கையை நான் ஒரு முறைகூட விடவில்லை. முழங்கால் முடிச்சுப் படிகளில் தங்கமணி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையும் போச்சு, டார்ச் இடுப்பிலேயே இருந்தது. உட்கார்ந்த இடத்திலெல்லாம் வார்த்த பிளாஸ்டிக் உறை குத்தியது. அடுத்த நாள் இறங்கும்போது பட்டன் வைத்த நைலானுக்கு மாறினேன். வியர்வையில் ஊறியும் அது தளரவில்லை. மேலே வரிசைக்கு வேட்டி கட்டும்போது பெல்ட்டே கிடையாது, உறையும் டார்ச்சும் சாமான் பையோடு போய்விட்டன.

உறையின் வளையம் பற்றிய பாடத்தைப் பலமனேரில்தான் படித்தேன். பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், அங்கே கௌண்டின்யா சரணாலயத்து ஓரத்தில் நிலம் வைத்திருக்கிறார். 1980களில்தான் ஓசூர், ஆனேக்கல் பக்கத்திலிருந்து யானைக் கூட்டம் சித்தூர் மாவட்டத்துக்குள் வந்தது. அதற்கு முன் பல தலைமுறையாக அங்கே யானையே இல்லை. 1990-இல் சரணாலயம் அறிவித்தார்கள். அன்றிலிருந்து நெல்லும் கரும்பும் போட்டவர்களுக்கு ராத்திரித் தூக்கம் கிடையாது. 2025-இல் கர்நாடகம் நாலு கும்கி யானைகளை ஆந்திராவுக்குக் கொடுத்திருக்கிறது, பார்க்கலாம். அண்ணன் கையில் தகர டப்பா, குச்சி, பட்டாசு, எல்லாம் இருக்கும். டார்ச் கக்கத்தில். ஓட வேண்டி வந்தால் முதலில் விழுவது டார்ச்தான், விழுந்த பிறகுதான் அது தேவைப்படும்.

நான் கொண்டுபோன உறைகளில் நல்லதாக ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். வளையம் ஏறவே இல்லை. சீமை உறையெல்லாம் ஒன்றரை, இரண்டு அங்குல பெல்ட்டுக்குச் செய்தது. அண்ணன் கட்டுவது பச்சை பெல்ட், நாலு விரல் அகலம். "உன் கனடா சாமானு எனக்கு வேலைக்காவாதுடா தம்பி" என்று சிரித்தார்.

சித்தூர் பஜாரில் செருப்புத் தைக்கிற பெரியவர் ஒருவரிடம் உறையையும் பழைய பச்சை பெல்ட்டையும் கொடுத்தோம். இரண்டையும் புரட்டிப் பார்த்தார். முதுகுப் பக்கம் அகலமாகத் தோல் பட்டி வைத்து, மேலும் கீழும் இரட்டைத் தையல் போட்டார். வாய் விறைப்பாக நிற்க, பழைய செருப்பு அட்டையிலிருந்து ஒரு பட்டை வெட்டி உள்ளே சுற்றி வைத்தார். அதை நான் சொல்லவில்லை, அவராகச் செய்தார். மூடியை மட்டும் வேண்டாம் என்று அண்ணன் வெட்டி எடுக்கச் சொல்லிவிட்டார். பட்டன் கழற்றுகிற நேரத்துக்கு யானை நிற்காதாம். அரை மணி நேர வேலை, நூற்றைம்பது ரூபாய். பக்கத்து நிலத்துக்காரர்கள் நாலு பேர் பெல்ட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று போன வாரம் அண்ணன் போனில் சொன்னார். பெரியவர் இப்போது இருநூறு கேட்கிறாராம்.